கைமேல் சிலந்தி: மூன்று நூற்பாவும் விருத்தியுரையும்

பாயிரம்

சிலந்தியைக் கண்டால் துடைப்பத்தைத் தேடுவது ஒரு மரபு. அதற்குக் கண்ணாடித் தொட்டி வாங்கி, தேங்காய் நார்த்தூள் பரப்பி, வேளைக்குக் கரப்பான் பிடித்துப் போடுவது இன்னொரு மரபு. இந்நூல் இரண்டாம் மரபினர்க்கே உரியது. அவர்களுள்ளும், ‘சீறி நிற்கிற டாரன்டுலாவைக் கையில் எடுக்கலாமா, கூடாதா’ என்று இரு கட்சியாய்ப் பிரிந்து கிடப்பார்க்கு. முதல் மரபினர் இவ்வளவில் எழுந்து போகலாம். போகும்போது துடைப்பத்தையும் எடுத்துச் செல்க.

பெயரியல்

டாரன்டுலா என்னும் பெயர் இத்தாலியின் தரான்தோ நகரத்தால் வந்தது. அங்கே அப்பெயர் பெற்றது ஓநாய்ச் சிலந்தி. அது கடித்தால் ஆடித்தான் விஷம் இறங்கும் என்று நம்பி ஆடிய ஆட்டத்தோடு இணைத்துச் சொல்லப்படுவது தாரன்தெல்லா. பின்னாளில் இப்பெயர், மயிர் அடர்ந்த வேறொரு குடும்பத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. பழி ஓரிடம், பெயர் ஓரிடம்.

நம் ஆய்வுப்பொருள், கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆரஞ்சு பபூன் டாரன்டுலா. 1897இல் இதனை விவரித்த போகாக் என்னும் ஆங்கிலேயர் ‘மூரினஸ்’ என்று பெயரிட்டார். எலி போன்றது என்பது பொருள். தொட்டிகளில் பெரிதும் வளர்வதோ பழுத்த ஆரஞ்சு நிறத்தது. எனவே இது காரணம் தொலைந்த காரணப்பெயர். ஆங்கில முதலெழுத்துகளால் இதை ஓபிடி என்பர். அம்மூன்றெழுத்தையும் ‘கடிக்கும் ஆரஞ்சு சமாச்சாரம்’ என்று விரிப்பதும் வளர்ப்போரிடை உண்டு. முன்னது நூல் வழக்கு. பின்னது பட்டவர் வழக்கு.

நூற்பா 1: முன்கால் உயர்த்தின் முன்கை மடக்குக.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், சிலந்தியின் மெய்ப்பாடு உணர்த்துதல் நுதலிற்று. மூடியைத் திறந்ததும் ஓபிடி பின்னுக்குச் சாயும். முன்னங்கால்களை அண்ணாந்து தூக்கும். கறுத்த நச்சுப்பல் இரண்டையும் அகல விரிக்கும். சில வேளை பல்நுனியில் ஒரு துளி திரண்டு தொங்கும். இடுக்கி நுனி அருகே வந்தால் தூக்கிய கால்களால் தரையில் ஓர் அறை அறைந்து, மறுபடி தூக்கிக்கொள்ளும்.

இதற்கு உரை காண்பார் மூவகையர். ‘இரண்டு கையும் உயர்ந்தால் வணக்கம்தானே’ என்பார் ஒரு சாரார். ‘நேற்றுத் தங்கமாக இருந்தது, இன்றைக்கு ஏதோ மனசு சரியில்லை’ என்பார் இன்னொரு சாரார். ‘என்னை அதற்குத் தெரியும்’ என்பார் மூன்றாமவர்.

முதலிருவர்க்கும் மறுப்பு வேண்டா, பல் இருக்கிறது. மூன்றாமவர்க்குச் சொல்லுதும். சிலந்திக்குக் கண் எட்டு உண்டு, பார்வை மங்கல். அது உலகத்தை அறிவது கால்மயிரில் தட்டும் அதிர்வால். சுவை பார்ப்பதும் பாதத்தால். எனவே உள்ளங்கை என்பது அதற்கு வெதுவெதுப்பான, உப்புக் கரிக்கிற, நாடி துடிக்கிற ஒரு தரை. அத்தரைக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஆகவே ‘என்னை அதற்குத் தெரியும்’ என்பதை ‘என் சுவை அதற்குத் தெரியும்’ என்று திருத்தி வாசிக்க.

நூற்பா 2: இருபால் இழப்பும் எண்ணித் தொடுக.

கைப்பால் இழப்பு முதற்கண். அமெரிக்கக் கண்டங்களின் டாரன்டுலா பலவற்றுக்கு வயிற்றில் அரிப்பு மயிர் உண்டு. பின்காலால் உதறி வீசும். 2009இல் இங்கிலாந்தின் லீட்சில் ஒருவர் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவே. சிலந்தி வீசிய மயிர் கருவிழியில் தைத்து மருத்துவரிடம் போக வேண்டியதாயிற்று. ஆப்பிரிக்க, ஆசிய இனங்களுக்கு இந்த மயிர் கிடையாது. எனவே பேச்சுவார்த்தைக்கு இடைநிலை இல்லை, நேரே பல்தான்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய போசிலோதீரியா என்னும் மரவாழ் பேரினத்தின் கடி, தசைகளை நாள்கணக்கில் முறுக்கிப் பிடிக்கும். அதில் ஓரினத்துக்கு ராமேசுவரத்து அனுமவிலாசம் கோயிலின் பெயரை 2004இல் சூட்டினர். அனுமார் பெயர் என்பதால் சஞ்சீவி கொண்டு வரும் என எண்ணற்க.

இனிச் சிலந்திப்பால் இழப்பு. சிலந்தியின் கால்மூட்டுகள் சிலவற்றுக்கு நீட்டும் தசையே இல்லை. உடல்நீரை அழுத்தித்தான் கால் நீட்டுகிறது. அந்நீர் நிறைந்த வயிறு மெல்லிய தோல்பை. நெஞ்சுயரத்திலிருந்து விழுந்தால் அது கிழியக்கூடும். கிழிந்தால் வடிந்து சாகும். கடிபட்டவர் கையை உதறுவது அனிச்சை, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வலி சில நாளில் தீரும். சில இனங்களில் இருபதாண்டுக்கு மேல் வாழக்கூடிய பெண் சிலந்தியின் கணக்கோ அந்த ஓர் உதறலில் தீர்ந்துவிடும். ‘தைரியம் வேண்டும் ஐயா’ என்று தோளைத் தட்டுவார், பணயம் யாருடையது என்று பார்த்துத் தட்டுக.

நூற்பா 3: கிண்ணமும் அட்டையும் கையெனப் படுமே.

தொட்டி மாற்றும் நாளில் தொடாமல் முடியுமோ என்பார்க்கு இது விடை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவை மேலே கவிழ்க்க. அடியில் அட்டையை மெல்ல நுழைக்க. நகராவிடில் நீள்பிடித் தூரிகையால் பின்காலை வருடுக. தானே முன்னே நடக்கும். இம்மூன்றிலும் தோலொடு தோல் சேர்தல் இன்மை காண்க.

புறநடை

‘ஆசைக்கு ஒருமுறை தடவவும் கூடாதா’ எனின், கூடும். வளர்ந்த பெண் சிலந்தி ஏறக்குறைய ஆண்டுக்கொருமுறை மல்லாந்து படுத்து, மணிக்கணக்கில் மூச்சைப் பிடித்ததுபோல் கிடந்து, சட்டை கழற்றும். கால் எட்டும், மயிரும், நச்சுப்பல்லின் உறையும் உட்பட முழு உருவம் தனியே கிடக்கும். புதுப் பல் இறுகும்வரை சிலந்தியைத் தொந்தரவு செய்யாது, பின்னர் நீண்ட இடுக்கியால் ஓபிடியின் அச்சட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சுக, பெயர் சொல்லி அழைக்க, படம் பிடிக்க. அது ஒன்றும் சொல்லாது.

உரிமையாளர் எதிர்பார்க்கும் டாரன்டுலா அதுவே என்பது இவ்வாய்வின் துணிபு. மற்றது தொட்டிக்குள், புதுச் சட்டையோடு, முன்காலைத் தூக்கி நிற்கிறது.