மூன்றாம் மாடியிலிருந்து ஒரு நன்றி மடல்

அனுப்புநர்:
நான்-ஏசி சிங்கிள் ரூம்காரன்,
மூன்றாம் மாடி (லிஃப்ட் ரிப்பேர்),
மத்தியப் பேருந்து நிலையம் அருகில், திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
மாண்புமிகு ஜிஎஸ்டி கவுன்சில், புது தில்லி.

பொருள்: 900 ரூபாய் அறைக்கும் 7,000 ரூபாய் அறைக்கும் ஒரே வரி விகிதம் விதித்து எங்களைப் பெரிய மனிதர்கள் ஆக்கியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மாண்புமிகு உறுப்பினர்களே,

முதலில் இந்த மாடியின் செல்வச் செழிப்பைச் சொல்லிவிடுகிறேன். எதிர் அறையில் மருந்துக் கம்பெனி ரெப். அடுத்த அறையில், பெரியாஸ்பத்திரியில் அப்பாவைச் சேர்த்துவிட்டு முறைவைத்துத் தூங்க வரும் அண்ணன் தம்பி. கடைசி அறையில், விடியற்காலை விமானத்தில் சிங்கப்பூர் போகும் பையனை வழியனுப்ப வந்த பட்டுக்கோட்டைக் குடும்பம். ஐந்து பேருக்கு ஒரு டபுள் காட், ஒரு எக்ஸ்ட்ரா பெட். வெந்நீர் காலை ஆறு முதல் எட்டு வரை. முந்திக்கொண்டவருக்கு மட்டும்.

இத்தனை சொகுசில் புரளும் எங்களை 2017 ஜூலையில் நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. ஆயிரத்துக்குக் குறைவான அறைக்கு வரி கிடையாது என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டீர்கள். ஐந்து வருஷம் கழித்துத்தான், 2022 ஜூனில் சண்டிகரில் கூடியபோது எங்கள் நினைவு வந்தது. ஜூலை 18 முதல் 12 சதவீதம். 900 ரூபாய் அறைக்கு 108 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் அதை 5 சதவீதமாக்கி, 45 ரூபாய்க்கு இறக்கினீர்கள். பூஜ்யத்திலிருந்து 108க்கு ஏற்றி, அங்கிருந்து 45க்கு இறக்கினால் அதற்குப் பெயர் வரிக்குறைப்பு என்று டிவியில் சொன்னார்கள். நாங்களும் கைதட்டினோம்.

அதே காலத்தில் 7,000 ரூபாய் அறையில் தங்குபவரின் துயரத்தையும் நீங்கள் மறக்கவில்லை. 2017இல் அவருக்கு 18 சதவீதம், அதாவது 1,260 ரூபாய். 2019 செப்டம்பரில் கோவாவில் கூடி 12 ஆக்கினீர்கள்: 840 ரூபாய். இப்போது 5: வெறும் 350. ஓர் இரவுக்கு அவருக்கு மிச்சம் 910 ரூபாய். அந்த மிச்சத்திலேயே என் அறையை எடுத்துவிடலாமே என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியாது. வரியோடு என் அறை 945. முப்பத்தைந்து ரூபாய் குறைகிறது.

திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியவர் ராமானுஜர். வரியைப் பொதுவாக்கியவர்கள் நீங்கள். அவர் வாழ்ந்த ஸ்ரீரங்கம் சார்பிலும் ஒரு கும்பிடு. கூடவே ஒரு சந்தேகம்.

அறக்கட்டளை நடத்தும் கோயில் வளாக அறை ஆயிரத்துக்குக் குறைவாக இருந்தால் வரி இல்லை என்று உங்கள் விதி சொல்கிறது. அமிர்தசரஸ் குருத்வாராவின் சராய்கள் (யாத்ரிகர் விடுதிகள்) பற்றிப் பிரச்சினை கிளம்பியதும், அவை குருத்வாரா மதிலுக்கு வெளியே இருந்தாலும் வளாகத்தைச் சேர்ந்தவைதான் என்று 2022 ஆகஸ்டில் விளக்கமும் வந்தது. நல்லது. ஸ்ரீரங்கத்திலோ ஏழு பிரகாரம்; சித்திரை வீதியும் உத்திர வீதியும் வீடு, கடை, காபி கிளப்போடு மதிலுக்குள்ளேயே கிடக்கின்றன. அந்த வீதியில் தனியார் லாட்ஜில் படுத்தால் வரி. ஆக, அங்கே மதிலுக்கு வெளியே இருப்பது உள்ளே. இங்கே மதிலுக்கு உள்ளே இருப்பது வெளியே. படுப்பவனின் பையைப் பார்க்காமல் கட்டிலின் சொந்தக்காரரைப் பார்க்கிற இந்தத் தத்துவம் ராமானுஜரின் விசிஷ்டாத்வைதத்தைவிடக் கடினமாக இருக்கிறது.

ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத லாட்ஜுக்கு வரி இல்லையே என்பீர்கள். 900 ரூபாய் அறை பத்து, மாதத்துக்கு இருபது நாள் நிரம்பினால் ஆண்டுக்கு 21 லட்சத்து 60 ஆயிரம். அதாவது, பாதி காலியாகக் கிடக்கும் லாட்ஜாகத் தேடிப் பிடித்துத் தங்க வேண்டும். அதோடு, சோப்புக்கும் பெட்ஷீட்டுக்கும் கட்டிய வரியை லாட்ஜ்காரர் இனி கழித்துக்கொள்ள முடியாது என்றும் சேர்த்திருக்கிறீர்கள். அது எங்கே போய்ச் சேரும் என்பது ரூம் பாய்க்குக்கூடத் தெரியும்.

1689இல் ஆட்சிக்கு வந்த ராணி மங்கம்மாள் திருச்சியில் இருந்துகொண்டு சாலை போட்டார், சத்திரம் கட்டினார். வழிப்போக்கன் படுக்கிற பாய்க்கு ஐந்து சதவீதம் கேட்கும் யோசனை அவருக்கு வரவில்லை. ஆலோசனை சொல்ல அமைச்சர் குழு இல்லாத காலம், பாவம்.

எங்கள் கோரிக்கைகள் இரண்டே:

1. ஆயிரத்துக்குக் கீழுள்ள அறையை, கோயில் பக்கம் என்றாலும் பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றாலும், பழையபடி கண்டுகொள்ளாமல் விட்டுவிடவும்.

2. அது இயலாதென்றால், 7,000 ரூபாய்க்காரருக்கு விட்டுக்கொடுத்த அந்த 910 ரூபாயை இந்தப் பக்கம் திருப்பிவிடவும். குறையும் முப்பத்தைந்தை நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நான்-ஏசி சிங்கிள்.

பி.கு.: இங்கே 24 மணி நேரச் செக்-அவுட். பதிலை அதற்குள் அனுப்பவும். தாமதமானால் இன்னொரு நாள் வாடகையும், அதற்கு ஐந்து சதவீதமும் ஆகும்.