ஜன்னலோர விஞ்ஞானி

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று போத்தனூர்க்காரனைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மூக்கைத்தான் மூட வேண்டியிருக்கும். கிழக்கே இருந்து வந்தால் வெள்ளலூர். கோவை மாநகராட்சியின் சுமார் 650 ஏக்கர் குப்பைக் கிடங்கு. 2024 ஏப்ரலில் அது பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தது. அந்தப் புகைதான் என்னை விஞ்ஞானியாக்கியது.

படிக்க ஆரம்பித்தேன், வினை வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பிரான்சில், லியோன் நகரில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறது. சந்தேகமே இல்லாமல் புற்றுநோய் தருபவை முதல் பிரிவு. பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிந்தால் வரும் டையாக்சின்களில் மகா கொடியது 1997இல் சேர்ந்தது. டீசல் புகை 2012, வெளிக்காற்று மாசு 2013, ஆஸ்பெஸ்டாஸ் எல்லோருக்கும் மூத்தது. மாமனாரும் இருந்தார், அவர் மெல்லும் கொட்டைப்பாக்கு என்ற பெயரில். இந்தப் பட்டியல் 'தருமா' என்பதைத்தான் சொல்லும், 'எவ்வளவு' என்பதைச் சொல்லாது என்றும் கீழே போட்டிருந்தார்கள். பயந்தவன் கீழே வரைக்குமா படிப்பான்?

மறுநாளே பிளாஸ்டிக் டப்பாக்களை மூட்டை கட்டி வாசலில் வைத்தேன். பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையை நொறுக்கச் சுத்தியலோடு ஏணியில் ஏறினேன். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் அலறினார்: "தம்பி, எறங்குங்! சும்மா கெடக்கற அட்டை சாது. ஒடச்சாத்தான் தூள் கெளம்பி நெஞ்சுக்குள்ள போவும்."

இறங்கினேன். ராத்திரி வெள்ளலூர் உள்ளே வராதபடி ஜன்னலையெல்லாம் சாத்தினேன். கொசுக்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தன. கொசுவத்தி கொளுத்திவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தேன். ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. திரும்பிப் பார்த்தேன், சுருள் பாதி முடிந்திருந்தது. ஆயுசில் பீடி தொடாதவன் வீட்டில், அறை தன்பாட்டுக்கு மூன்று பாக்கெட் ஊதியிருந்தது.

இருமிக்கொண்டே மனைவி எழுந்தாள். "ஏனுங், மொதல்ல அத அணைச்சுப்போட்டு ஜன்னலத் தொறங்க. நாளைக்குக் கொசுவலை கட்டிக்கலாம்."

"வெள்ளலூர்ப் புகை?"

"மக்கற குப்பையவும் மக்காததவும் ஒண்ணாக் கொட்டுனா, அடியில அழுகி வாயு கட்டித் தீப்புடிக்குதுன்னு குப்பை வண்டிக்கார அக்கா சொல்லுச்சு. நான் பிரிச்சுத்தான் போடறேன். நீங்கதான் ஊறுகாய் டப்பாவ ஊறுகாயோட மூட்டை கட்டியிருந்தீங்க."

"எப்படியோ, சனியன் ஒழிஞ்சுது."

"எங்க ஒழியறது? வெள்ளலூருக்குப் போயி, எரிஞ்சு, காத்துல நம்மூட்டுக்குத்தான வரும்? அதனால வண்டியில போடல. கழுவிப் பரண்ல வெச்சிருக்கறேன். சூடாக் கொழம்பு ஊத்தத்தான் ஆவாது, ஆணி போட்டு வெக்க ஆவுமல்லங்க?"

காலையில் ஏறிப் பார்த்தேன். ஒரு டப்பாவில் ஆணி. ஒன்றில் பழைய தாழ்ப்பாள். இன்னொன்றில், அடுத்த மாதத்துக்கென்று நான் சேர்த்து வாங்கி வைத்திருந்த கொசுவத்திப் பாக்கெட்டுகள். மூடியை என்னால் திறக்க முடியவில்லை.