எட்டணாக் கயிறு

எங்கள் அம்பாசடரின் டிக்கி முப்பது வருஷம் தேங்காய் நார்க் கயிற்றை நம்பியே ஓடியது. லாக்கைக் குறை சொல்வது பாவம். 1978 பொங்கலுக்குக் கும்பகோணம் போய்த் திரும்பும்போது ஒரு வாழைத்தார், அரை மூட்டை அரிசி, பாட்டியின் பித்தளை அண்டா எல்லாவற்றையும் திணித்த அப்பா, மூடி இறங்கவில்லை என்று அதன்மேல் சித்தப்பாவை ஏற்றி உட்கார வைத்தார். ‘ணங்’ என்று விழுந்த லாக், அதன்பிறகு எதையும் பிடிக்க மறுத்துவிட்டது.

“இப்போதைக்குக் கயித்தைக் கட்டி ஓட்டுங்க சார், அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் தெரு மெக்கானிக் அண்ணன். கயிறு எட்டணா. அப்பா போடும் முடிச்சை அப்பாவால்தான் அவிழ்க்க முடியும். ஒருமுறை செக்போஸ்ட்டில் டிக்கியைத் திறக்கச் சொன்ன போலீஸ்காரர், பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, “போங்க சார்” என்றார். எங்களுக்குத்தான் மானம் போயிற்று. கல்யாண வீடுகளில் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி நிற்கும்.

அப்பாவுக்குப் பின் தார்ப்பாய்க்கடியில் கிடந்த வண்டிக்கு இப்போது ராஜயோகம். 1971 மாடல், மார்க் டூ. ஐம்பது வயதைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவுசெய்ய 2021இல் விதி வந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிதாகக் கைவைத்திருக்கக் கூடாது. அன்றாடம் ஓட்டவும் கூடாது. ஓய்வுபெற்றவனுக்கு ஏற்ற விதி.

லாக் தேடிப் புதுப்பேட்டைக்குப் போனேன். உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டதால், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்துகள்தான் கதி. “பழசு வேணுமா சார், பழசு மாதிரி புதுசு வேணுமா?” என்றார் கடைக்காரர். பழசுக்குத்தான் விலை அதிகம். அன்று காயலான் கடையில் எடைக்குப் போயிருக்க வேண்டியது, இன்று காகிதத்தில் சுற்றி வருகிறது.

மாட்டுவது அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு நாள் ஆயிற்று. பட்டி, பெயின்ட், புது ரப்பர் பீடிங் எல்லாம் முடித்தபிறகு லாக்குக்கு வந்ததுதான் நான் செய்த தப்பு. பீடிங்கின் தடிமனில் மூடி தூக்கி நின்றது; லாக்கின் நாக்கு கீழே கேட்ச்சை எட்டவில்லை. தெரு மெக்கானிக் அண்ணனின் மகன் வந்து, முதலில் பீடிங்கை உருவினார். கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி, மூடியின் இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாகும்வரை நகர்த்தினார். பிறகு, “அம்மா, கொஞ்சம் குங்குமம்” என்றார். பூஜை என்று நினைத்து என் மனைவி கற்பூரமும் கொண்டுவந்தாள். அவர் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து நாக்கில் தடவி, மூடியை மெல்ல இறக்கித் தூக்கினார். கேட்ச் பிளேட்டில் சிவப்புப் பொட்டு, கால் அங்குலம் இடதுபக்கம் தள்ளி விழுந்திருந்தது. பிளேட்டை நீள்துளையில் நகர்த்தி, அடியில் இரண்டு வாஷர் கொடுத்து, பீடிங்கைத் திரும்பப் போட்டார். “எடுத்தவுடனே ஓங்கி அடிச்சிடாதீங்க சார், ஏடாகூடமா பிடிச்சிக்கிட்டா அப்புறம் திறக்க முடியாது.”

இப்போது ஒரு விரலால் அழுத்தினால் ‘க்ளிக்’. கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றி வரலாமே என்றாள் மனைவி. பெயின்ட் கீறிவிடும், விதியும் இடம்கொடுக்காது என்றேன். இவ்வளவு பத்திரமாக டிக்கிக்குள் நான் பூட்டி வைத்திருப்பது ஒரு கம்பளம், ஒரு கயிறு.

சென்ற மாதக் கண்காட்சியில் நடுவர் டிக்கியைத் திறந்து லாக்கை டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஒரிஜினலா?”

“கயிறுதான் சார் ஒரிஜினல்” என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.