பம்படிப் பாடம்

திருகோணமலைச் சீனக்குடாவில் வெள்ளைக்காரர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. 1942 ஏப்ரலில் யப்பானியர் குண்டு போட்ட இடம். 2022இல் அதே திருகோணமலையில் பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசை.

அந்த ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டை வந்தது. கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால்தான் பெற்றோல். பம்பில் நிற்கும் ஊழியருக்கு அதுவரை தொழிற்பயிற்சியின் முதல் பாடம் தலைக்கு மேலே பலகையில் தொங்கியது: கைத்தொலைபேசியை அணைக்கவும். புதிய பாடத்தின் முதல் வரி, அதை எடுத்து ஸ்கேன் செய்யவும். பலகையை யாரும் கழற்றவில்லை.

இடது கையில் போன், வலது கையில் குழாய். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5. மனப்பாடம் செய்து முடிப்பதற்குள் ஒதுக்கீடு மாறிவிடும். திருத்திய பாடம் அப்போதைய எரிசக்தி அமைச்சர் கஞ்சன விஜேசேகரவின் டுவிட்டரில் வெளியாகும். தமிழில் வட்ஸ்அப்புக்கு வந்து சேர்வதற்குள் வரிசையில் நிற்பவருக்கு அது தெரிந்திருக்கும். அவரே ஊழியருக்கு விரிவுரையாளர், சம்பளமில்லாமல்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் குறியை அச்சடித்து, லமினேட் செய்து, சாவிக்கொத்தில் மாட்டினார்கள். வெயிலில் திரை மங்காத, சார்ஜ் கேட்காத ஒரே கருவி அதுதான்.

2023 செப்டெம்பரில் அட்டைமுறை நின்றது. பரீட்சை மட்டும் நடக்கவேயில்லை.