செங்கல்பட்டுக்கு ஒரு ஸ்வெட்டர்

செங்கல்பட்டுப் பக்கம் மார்கழி விடியலில்கூட வெப்பமானி 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும். அதனாலென்ன? குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்கள் நாம். ஸ்வெட்டர் பின்னக் கற்பதில் தப்பே இல்லை.

முதல் ஸ்வெட்டருக்குக் கழுத்திலிருந்து கீழே இறங்கும் ராக்லன் வகை நல்லது. தையல் வேலை கிடையாது. போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னலாம். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்பில் கண்ணி தெரியாது. பருத்தி நூல் நம்மூருக்கு இதம்தான். ஆனால் சொந்தக் கனத்தில் இறங்கி முழங்காலை விசாரிக்கும். முதலில் 10 செ.மீ. சதுர மாதிரி பின்னி, அலசிக் காயவைத்து, கண்ணிகளை எண்ண வேண்டும். சோம்பல்பட்டால் ஸ்வெட்டர் மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தின் யானைக்குத்தான் பொருந்தும்.

2016 ஜனவரியில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் கொக்கி ஊசியால் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பின்னி, சென்னையில் கின்னஸ் சாதனை படைத்தார்கள். சென்னைக்குப் போர்வை எதற்கு என்று கின்னஸ்காரர்கள் கேட்கவில்லை. மாமல்லபுரம் கரையில் வலைக் கிழிசலைப் பின்னும் மீனவர் மட்டும் உங்கள் ஸ்வெட்டரைப் பார்த்தால் கேட்பார்: “இதுல என்ன மீன்மா மாட்டும்?”

ஆகவே, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சொந்தக்காரர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு நூல் வாங்குங்கள்.