உறுமலுக்கு எத்தனை குதிரைத்திறன்?

கேள்வி: டொயோட்டா 86 காரில் கம்பெனி பொருத்திய காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் ‘கோல்ட் ஏர் இன்டேக்’ ஒன்றைப் பூட்டினால் எஞ்சினின் திறன் உண்மையிலேயே கூடுமா?

பதில்: கூடும், ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்குக் கூடாது. இன்டேக் என்பது வெளிக்காற்றை வாங்கி, வடிகட்டி, எஞ்சினுக்குக் கொண்டுசேர்க்கும் பெட்டி, ஃபில்டர், குழாய் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு. டொயோட்டாவும் சுபாருவும் கூட்டாக உருவாக்கி 2012-இல் விற்பனைக்கு விட்ட இந்தக் காரின் 1,998 சி.சி. எஞ்சின், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு முழுவதையும் காற்றால் நிரப்பிக்கொள்வதாகக் கணக்கிட்டால், நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. இத்தனை காற்றும் ஃபில்டரையும் வளைவுகளையும் கடந்து வருகையில் அழுத்தத்தில் சிறிதை இழக்கிறது. இன்டேக்கை மாற்றி மீட்கக்கூடியது பெரும்பாலும் இந்த இழப்பை மட்டுமே. வளிமண்டல அழுத்தமாகிய 101 கிலோபாஸ்கலில் 1 கிலோபாஸ்கல் வழியில் தொலைகிறது என்று வைத்துக்கொண்டு, அதைத் துளியும் சிந்தாமல் மீட்டாலும் ஆதாயம் நூற்றுக்கு ஒன்று, அதாவது 200 குதிரைத்திறனில் 2. விளம்பரத்தில் 15 என்று அச்சிட்டிருந்தால், எஞ்சிய பதின்மூன்று குதிரைகளுக்குத் தீனி போடுபவர் யார் என்று விற்பவரிடம்தான் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: அதற்குத்தான் டைனோ வரைபடம் காட்டுகிறார்களே?

பதில்: சக்கரங்களை உருளைகளின்மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவிக்கு டைனோ என்று பெயர். கருவி பொய் சொல்வதில்லை. ஆனால், பானெட்டைத் திறந்துவைத்து, எதிரே ராட்சத மின்விசிறியைச் சுழலவிட்டு எடுத்த கணக்கு, பானெட் மூடிய காரில், நண்பகல் நெரிசலில் செல்லுபடியாகாது. பழைய பெட்டியையும் புதிய இன்டேக்கையும் ஒரே நாளில், ஒரே வெப்பநிலையில், பானெட்டை மூடிப் பலமுறை ஓட்டிப் பார்த்ததாகக் குறிப்பு இல்லாத வரைபடத்தைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

கேள்வி: ஏறத்தாழ 3,500 முதல் 4,500 சுற்றுக்குள் இந்தக் கார் சுணங்குகிறது. இன்டேக் மாற்றினால் அது தீருமா?

பதில்: சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை அந்த இடைவெளியில் பள்ளம்போல் இறங்குவது இந்த எஞ்சினின் பிறவிக் குணம். ஓரளவு ஆறுதல் தருவது புகை வெளியேறும் பக்கத்தில் பொருத்தும் ஹெடர் குழாயும், அதற்கேற்ப எஞ்சின் கணினியின் கணக்கைத் திருத்தும் டியூனிங்கும் சேர்ந்த மருத்துவமே அன்றி, இன்டேக் தனியாக நின்று சாதிப்பது சொற்பம். டொயோட்டா நிறுவனமே 2017-ஆம் ஆண்டு மாடலில் இன்டேக், புகைவழி, எஞ்சினின் உட்பாகங்கள் எனப் பலவற்றையும் திருத்தியமைத்தும், கியர் மாற்றி ஓட்டும் கார்களில் 200-ஐ 205 குதிரைத்திறனாக மட்டுமே உயர்த்த முடிந்தது. பள்ளம் ஒழுங்காக மூடப்பட்டது 2022 மாடலில்தான். அதுவும் எஞ்சினையே 2.4 லிட்டராக்கி, உச்ச முறுக்குவிசையை 3,700 சுற்றுக்குக் கொண்டுவந்த பிறகு.

கேள்வி: பெட்டியே இல்லாமல், கூம்பு ஃபில்டரை மட்டும் எஞ்சின் அருகில் பூட்டும் மலிவான வகை எப்படி?

பதில்: காற்று சூடானால் விரிகிறது, விரிந்த காற்றில் ஒரு லிட்டருக்கான ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகை செல்சியஸ் காற்றுக்குப் பதிலாக 50 பாகைக் காற்றை இழுக்கும் எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைவு. கம்பெனி பெட்டி காரின் முன்முகத்திலிருந்து குளிர்காற்றை வாங்குமாறு அமைந்திருக்க, அதைக் கழற்றி எறிந்துவிட்டு எஞ்சின் சூட்டை உறிஞ்சவிடுவது, காசு கொடுத்துத் திறனை விற்பதற்குச் சமம். பானெட்டின் அடிப்பகுதியோடு ரப்பர் விளிம்பால் ஒட்டி மூடிக்கொள்ளும் தடுப்புப்பெட்டி இல்லாத எதையும் வாங்கவேண்டியதில்லை.

கேள்வி: குழாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: கடைக்காரருக்கு நல்லதாக இருக்கலாம். ஃபில்டரை அடுத்துள்ள குழாயில் காற்றின் நிறையை அளக்கும் சென்சார் ஒன்று அமர்ந்திருக்கிறது. அதிலுள்ள சூடேற்றிய மெல்லிய இழையைக் கடந்துசெல்லும் காற்று குளிர்விக்க, அதன் சூட்டைத் தக்கவைக்கத் தேவைப்படும் மின்சாரத்தைக் கொண்டு கணினி காற்றின் அளவைக் கணித்து, அதற்கேற்பப் பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது. இந்தக் கணிப்பு, குழாயின் விட்டம் மாறாது என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது. விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் பரப்பு நூற்றுக்கு 21 பங்கு கூடி, அதே அளவு காற்று மெதுவாக நகர்ந்து, சென்சார் ஏறத்தாழ 17 பங்கு குறைத்துச் சொல்கிறது, பெட்ரோலும் குறைகிறது. மிதமான ஓட்டத்தில் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரின் துணையோடு கணினி இப்பிழையைத் திருத்திக்கொள்ளும் எனினும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கையில் அந்தத் திருத்தத்தை நம்பியிருக்க முடியாது. 12.5-க்கு 1 என்ற உயர்ந்த அழுத்த விகிதம் கொண்ட எஞ்சினில் பெட்ரோல் குறைந்த கலவை, நேரங்கெட்டு வெடிக்கும் ‘நாக்கிங்’ கோளாறில் கொண்டுபோய் விடக்கூடும். வேடிக்கை என்னவென்றால், கம்பெனி பாதுகாப்புக்காகச் சற்றுத் தாராளமாக ஊற்றும் பெட்ரோல் குறையும்போது டைனோவில் திறன் கொஞ்சம் ஏறும். விளம்பரக் குதிரைகளில் சில இந்தக் கொட்டிலில் பிறந்தவை. ஆகவே சென்சார் அமரும் இடத்தில் கம்பெனி விட்டத்தையே காக்கும் இன்டேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லையேல் டியூனிங் செலவையும் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

கேள்வி: எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரா, உலர் ஃபில்டரா?

பதில்: உலர் ஃபில்டர். பருத்தி வகையைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது உண்மை; கழுவியபின் ஆர்வமிகுதியால் கூடுதலாக எண்ணெய் தடவுபவர் கையில், அந்த எண்ணெய் மேற்படி சென்சார் இழையில் போய்ப் படிகிறது.

கேள்வி: பம்பருக்குள் தாழ்வாக ஃபில்டர் வைக்கும் வகையில் மழைநீர் புகுமா?

பதில்: தூறலால் கேடில்லை, தேங்கிய நீரில் ஃபில்டர் மூழ்கினால்தான் ஆபத்து. தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. இந்த எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கையில் ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 43 மில்லிலிட்டர். அதைவிட அதிகமான நீர் உள்ளே போனால் வளைவது கனெக்டிங் ராடு.

கேள்வி: சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

பதில்: கலிஃபோர்னியாவில் உண்டு. அம்மாநிலக் காற்றுவள வாரியம் ஆராய்ந்து விலக்களித்த பாகங்களுக்கு ஆணை எண் ஒன்று வழங்கப்படுகிறது. அந்த எண் இல்லாத இன்டேக், புகைப் பரிசோதனையில் கண்ணால் பார்க்கும் கட்டத்திலேயே தோற்றுவிடும். எண்ணிருந்தால் மட்டும் போதாது, அது இதே மாடலுக்கும் ஆண்டுக்கும் உரியதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: திறன் கூடாவிட்டாலும் உறுமலுக்காக வாங்குவது அசட்டுத்தனமா?

பதில்: இல்லை, வாங்குபவர்கள் சொல்லும் காரணங்களில் நேர்மையானது இதுதான். உள்ளிழுக்கும் காற்றின் ஒலியைக் காருக்குள் கொண்டுவரத் தனிக் குழாய் ஒன்றைக் கம்பெனியே இந்தக் காரில் வைத்திருக்கும்போது, வாங்குபவரை மட்டும் பரிகசிப்பது நியாயமன்று.

கேள்வி: கழற்றிய பழைய பெட்டியை விற்றுவிடலாமா?

பதில்: கூடாது. புகைப் பரிசோதனைக்கும், கோளாறு வந்தால் காரணம் கண்டறிவதற்கும், காரை விற்கும் நாளுக்கும் அது தேவைப்படும். போல்ட், கிளாம்ப் உட்பட ஒன்றுவிடாமல் கட்டிப் பரணில் போட்டுவைக்கவும்.