அலாரத்துக்கு அஞ்சாயிரம், ஜன்னலுக்கு அட்டை

ஏலே தம்பி, இங்கன வா. செத்த உக்காரு. காதுல சொருகியிருக்கிற அந்த வெள்ளைக் கொட்டையக் கழட்டு மொதல்ல.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கிழவன். புனேக்கு வந்து ரெண்டு குளிர் பாத்தாச்சு. பேரனுக்கு வாக்கட்ல பதினோராவது மாடியில வீடு, ஹிஞ்சவடியில சோலி. போன மார்கழியில ஒரு டப்பா வாங்கிட்டு வந்தான். அஞ்சாயிரமாம். "தாத்தா, குளிமுறியில கேஸ் கெய்சர் இருக்குல்லா, அதுல விஷவாயு வந்தா இது என் போனுக்குச் சேதி சொல்லும்"னான்.

ஏன்லே, மூச்சு முட்டி விழப்போறவன் இங்க. சேதி போறது ஹிஞ்சவடிக்கா? நீ மீட்டிங்ல போனை ஊமையாக்கி வச்சிருந்தா? கரண்டு போயி வை-பை செத்துக் கெடந்தா? பய தலையச் சொறிஞ்சான்.

சரின்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டு டப்பாவத் திருப்பிப் படிச்சேன். அது சமையல் கேஸ் கசிஞ்சா கத்துற சாமான்! கார்பன் மோனாக்சைடு பேரே அதுல இல்ல. எம்.டெக் படிச்ச பய. சுண்ணாம்பு வாங்கப் போனவன் மைதா மாவை வாங்கிட்டு வந்து நிக்கான்.

ரெண்டும் வேற கேட்டியா. சமையல் கேஸுல நாத்தம் சேத்துத்தான் அனுப்புதான், கசிஞ்சா மூக்குக்குத் தெரியட்டும்னு. கார்பன் மோனாக்சைடு அப்படியில்ல. மணமும் கெடையாது, நெறமும் கெடையாது. காத்துப் பத்தாம எரியிற தீயில பொறக்குது. கேஸானா என்ன, கரியானா என்ன, வெறகானா என்ன? உள்ள போச்சுன்னா ரத்தத்துல ஆக்சிஜன் உக்காரவேண்டிய எடத்துல பஸ்சுல துண்டு போட்டவன் மாதிரி எடம் பிடிச்சுக்கும். ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கிப் பிடிக்கும். எழுந்திருன்னா எழுந்திருக்காது. மொதல்ல தலைவலி, கிறுகிறுப்பு, கொமட்டல். பித்தம்னு நெனச்சுக்கிட்டு நீ சுக்குத்தண்ணி கேப்ப. கேக்க நெனவு இருந்தா.

சரி, நல்ல சாமானா எப்படிப் பாத்து வாங்க? நட்சத்திரத்த எண்ணாத. அஞ்சு நட்சத்திரம் போட்டவன் என்ன, வெசத்தக் குடிச்சுப் பாத்துட்டா போட்டான்? டப்பாவுலயும் சாமான் முதுகுலயும் ஈ.என். 50291-னு அச்சு இருக்கான்னு பாரு. அது ஐரோப்பாக்காரன் அளவுகோல். அமெரிக்காக்காரனுக்கு யு.எல். 2034. இந்த ரெண்டுல ஒண்ணு இல்லாததை, வெலை மலிவுன்னு தூக்கிட்டு வராத. பிரிட்டன்ல 'விச்'னு ஒரு நுகர்வோர் அமைப்பு, ஆன்லைன்ல வித்த பேரில்லா மலிவு அலாரத்தையெல்லாம் வாயுவுக்குள்ள வச்சுப் பாத்துச்சு. சிலது வாயத் தொறக்கவே இல்ல.

அப்புறம், உள்ள இருக்கிறது எலக்ட்ரோகெமிக்கல் சென்சாரான்னு கேளு. அதுக்கு ஆயுசு உண்டு, ஏழோ பத்தோ வருஷம். முதுகுல தேதி போட்டிருப்பான். தேதி போனா தூரப் போடு. பட்டனை அமுக்கினேன், கத்துச்சேங்காத. அநேகமா அது பேட்டரிக்கும் தொண்டைக்கும் வைக்கிற பரீட்சைதான். மூக்கு நல்லாருக்கான்னு பட்டன் சொல்லாது. கலர்த் திரை, போன் தொடுப்பு, பேசுற பொம்பளைக் குரல், இதெல்லாம் மாப்பிள்ளைக்குப் போடுற மைனர் செயினு. நல்ல அலாரம் மூவாயிரம்னே வையி. ஏழு வருஷத்துக்கு வகுத்தா நாளைக்கு ஒரு ரூபாய் சொச்சம். உன் காப்பிக் கடையில நுரைக்கு மட்டும் என்ன வாங்குதான்?

இன்னொண்ணு. வாயு கொஞ்சமா இருந்தா உடனே கத்தாது. பத்து லட்சம் பங்கு காத்துல 50 பங்குன்னா ஒரு மணி நேரத்துக்கு மேல பொறுத்துத்தான் கத்தும். 300 பங்குன்னா மூணு நிமிஷத்துக்குள்ள. கெட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பிராத, ஐரோப்பாக்காரன் அளவுகோலே அப்படித்தான்.

இவ்வளவும் பேரன்கிட்டச் சொன்னேன். பயலும் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வந்தான். நேரா குளிமுறிச் சுவத்துல ஆணி அடிக்கப் போனான். கூட வந்த காகிதத்தப் படிலேன்னேன். குளிமுறியில மாட்டக் கூடாது, நீராவி சென்சாரைக் கெடுத்துரும்னு எழுதியிருக்கான். இப்ப யோசி. தீ எரியிறது குளிமுறிக்குள்ள. கதவச் சாத்திக்கிட்டுக் குளிக்கிறவன் குளிமுறிக்குள்ள. அலாரம் மட்டும் வெளிய வராந்தாவுல! வாயு கதவிடுக்கு வழியா வந்து அதுக்குச் சேதி சொல்லுதவரைக்கும் உள்ள இருக்கிறவன் என்ன செய்வான்?

அதோட நிக்கல. குளிருதுன்னு குளிமுறியில கண்ணாடிப்பட்டை ஜன்னலுக்கு அட்டை வச்சு டேப்பு ஒட்டியிருக்கா பேரன் பொண்டாட்டி. புகைக்காத்தாடியும் ஓடல, சத்தம் காதைக் குடையுதாம்.

உங்க பாட்டி வெந்நீர் அடுப்ப எங்கன வச்சிருந்தா? புழக்கடையில. அவ என்ன கெமிஸ்ட்ரி படிச்சாளா? இங்க மராத்திக்காரங்களும் அப்படித்தான் இருந்திருக்காங்க. கஸ்பா பேட்ல தாம்பட் ஆளின்னு செம்புக்கொல்லர் தெரு ஒண்ணு இருக்கு. ஒரு நா போயிப் பாத்தேன், டங்கு டங்குன்னு தட்டுற சத்தம் தெருமுனைக்கே கேக்கு. வெந்நீர் போட 'பம்ப்'னு ஒரு செம்புப் பானை செய்வாங்க. நடுவுல குழாய், அதுக்குள்ள தீ, சுத்தித் தண்ணி. அத முத்தத்துலயோ பின்கட்டுலயோதான் வைப்பாங்கன்னு எதுத்த வீட்டு மராத்திப் பாட்டி சொல்லுதா. தீ வெளிய, தண்ணி மட்டும் உள்ள. நீங்க தீயத் தூக்கிக் குளிமுறிக்குள்ள மாட்டிட்டு, அதுக்குக் காவலா ஒரு டப்பாவத் தேடுதீக.

இந்த ஊர் வீட்டுல சமையக்கட்டு ஓரமா டிரை பால்கனின்னு ஒண்ணு விட்டிருக்கான்லா, துணி தொவைக்க? கெய்சரை அங்கன மாட்டு. குழாய் மட்டும் குளிமுறிக்குப் போகட்டும். கேஸ் குழாயை நீயே திருகாத, கேஸ் கம்பெனி ஆளைக் கூப்பிடு. எடமே இல்லையா, கரண்டு கெய்சருக்கு மாறிக்கோ. அதுக்கப்புறம் அலாரத்தப் படுக்கிற ரூம்புப் பக்கம், தூங்குறவன் காதுக்கு எட்டுற மாதிரி மாட்டு. கத்துச்சுன்னா எங்க கசியுதுன்னு மோப்பம் பிடிச்சுக்கிட்டு நிக்காத. கதவத் தொற, எல்லாரையும் வெளிய இழு, அப்புறம் போனைத் தேடு.

எங்க வீட்டுக்குக் கெய்சரை மாத்த வெள்ளிக்கிழமை ஆள் வாரான். அட்டைய நான் நேத்தே பிச்சாச்சு. பேரன் பொண்டாட்டி குளிருதுன்னு மொனங்குதா. மொனங்கட்டும். நீ போயி உங்க வீட்டு ஜன்னலைப் பாத்துட்டு வா.